உம்மா நட்ட கொடி

எங்கள் வீட்டு மதிலோரம் நிற்கும் இரங்கூன் மல்லிக் கொடி உம்மா நட்டது. மஃரிப் வேளையில் வெள்ளையாக விரியும் பூ, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பின்னர் செக்கச் சிவந்துவிடும். ஒரே கொத்தில் மூன்று நிறங்களையும் காட்டி, "ரப்புடைய குத்ரத்தைப் பாரு வாப்பா" என்பார் உம்மா.

அவர் வஃபாத்தான பின், அக்கொடியில் கத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் மட்டும் தவறாமல் ஊற்றினேன். இரண்டே ஆண்டுகளில் அது மதிலைத் தாண்டி அண்டை வீட்டு ஓட்டுக்கூரையில் படர்ந்தது. அவ்வீட்டுப் பெரியவர் ஒரு நாள் தயங்கியபடி வந்தார்.

"பாய், கொடி ஓட்டுக்கு அடியில புகுந்துடுச்சு. மழை பெஞ்சா அடுப்படியில சொட்டுது. அம்மா வச்ச கொடின்னுதான் இத்தனை நாள் சொல்லல."

வெட்டிவிடுகிறேன் என்றேன், வெட்டவில்லை. ஒரு மழைக்காலமும் கடந்தது.

பின்னர் ஒரு ஜும்ஆவில் இமாம் அண்டை வீட்டார் உரிமை பற்றிப் பயான் செய்தார். உறவினரான அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் கட்டளையிடுவதை எடுத்துரைத்தார். பலமுறை கேட்ட செய்திதான். அன்றோ, அடுப்படியில் நீர் சொட்டும் ஓசையே என் காதில் விழுந்தது.

அஸர் தொழுதுவிட்டு, பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு, ஏணி வைத்து ஏறினேன். ஓட்டின்மேல் கிடந்த கொடி முழுவதையும் வெட்டி இறக்கினேன். உடைந்த ஓடுகளை என் செலவிலேயே மாற்றிக் கொடுத்தேன்.

அடித்தண்டை நெருங்கியபோது அதில் பழைய வெட்டுத் தழும்புகள் பல தெரிந்தன. பூக்கும் பருவம் முடிந்ததும் உம்மா ஆண்டுதோறும் கொடியைக் கவாத்துச் செய்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புதிய தளிர்களின் நுனியில்தான் இக்கொடி பூக்கும். வெட்டாமல் விட்டதால் பூவும் குறைந்திருந்தது; அண்டை வீட்டுக் கூரையும் பழுதாகியிருந்தது. உம்மாவின் கொடியைக் காப்பதாக எண்ணி, உம்மாவின் வழக்கத்தைக் கைவிட்டிருந்தேன்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் கவாத்துச் செய்கிறேன். கொடி மதிலுக்கு உள்ளேயே நின்று, கொத்துக் கொத்தாய்ப் பூக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். நம் கரங்களாலும் நம் அலட்சியத்தாலும் அண்டை வீட்டாருக்குத் தீங்கு நேராமல் வல்ல அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.