மரவள்ளிக்குப் பார் பிடிக்கும் கைகள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் குச்சிக்கிழங்கு என்று வழங்கும் மரவள்ளி, இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு ஜவ்வரிசியின் வரத்து நின்றதால் 1943 அளவில் சேலத்தில் தோன்றிய ஆலைத்தொழிலுக்கு இன்றும் மூலப்பொருளாக விளங்குகிறது. வறட்சியைத் தாங்கும் இப்பயிர் எந்த மண்ணிலும் விளையும் என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், ஆத்தூர், இராசிபுரம் பகுதிகளின் மேட்டாங்காடுகளில் நடக்கும் வேலையை உற்று நோக்குவோருக்கு, பயிர் பிழைத்திருப்பதும் கிழங்கு பருப்பதும் வெவ்வேறு என்பது விளங்கும்.

மரவள்ளியின் கிழங்கு என்பது மாவுச்சத்தைச் சேமித்துப் பருத்த வேரே ஆகும். நட்ட இரண்டு மூன்று மாதங்களுக்குள் சில வேர்கள் பருக்கத் தொடங்குகின்றன. அப்போது சுற்றியுள்ள மண் விலகி இடம் கொடுக்காவிட்டால் கிழங்கு குட்டையாகவும் கோணலாகவும் நின்றுவிடுகிறது. ஒரே ஆழத்தில் ஆண்டுதோறும் இயந்திரத்தால் உழுவதால் மேல்மண்ணுக்குக் கீழே இறுகிப்போகும் அடுக்கான கடினத்தட்டு, வேரையும் நீரையும் ஒருசேரத் தடுக்கிறது. அதை உடைப்பதற்கென்றே உளிக்கலப்பை பரிந்துரைக்கப்படுகிறது. நீர் எளிதில் வடியும் மணற்பாங்கான மண்ணில் குறைந்த உழவே போதுமாக இருக்க, நீர் தேங்கும் கனத்த மண்ணில் உயர்ந்த மண்மேடு இல்லையேல் கிழங்கு அழுகுகிறது. ஆகவே எத்தனை உழவு என்பதற்கு மண்ணைப் பாராமல் விடை கூற இயலாது.

உழவு முடிந்தபின் நிலம் மம்முட்டியின் வசமாகிறது. பார் என்பது கரணை எனப்படும் தண்டுத் துண்டை நடுவதற்கான அந்த மண்மேடு. சால் என்பது இரு மேடுகளுக்கிடையே நீர் ஓடும் பள்ளம். சரிவான நிலத்தில் சரிவின் குறுக்கே பார் அமையாவிட்டால், செடிகள் படர்ந்து தரையை மூடும் முன்பே பெய்யும் மழை மேல்மண்ணை அரித்துச் சென்றுவிடும். மூன்றாம் மாத வாக்கில் களையெடுத்து, உரமிட்டு, செடியின் அடியில் மண் அணைக்கும்போது மம்முட்டி ஆழமாக இறங்கினால் இளங்கிழங்கு வெட்டுப்படும். மேலோட்டமாகச் சென்றால் மண் இளகாது. இந்த அளவைக் கையாலேயே அறிந்த தொழிலாளரின் திறமை எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறுவதில்லை.

அறுவடையில் அந்த உழைப்பின் பயன் வெளிப்படுகிறது. பொலபொலத்த மண்ணில் தண்டைப் பற்றி இழுத்தால் கிழங்குக் கொத்து முழுதாக மேலெழுகிறது. இறுகிய மண்ணிலோ கிழங்கு ஒடிந்து ஒரு பகுதி நிலத்திலேயே தங்குகிறது. டன் கணக்கில் கூலி பேசியிருந்தால், நிலத்தின் இறுக்கம் தொழிலாளரின் கூலியையும் குறைக்கிறது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் உள்ளே கறுத்துக் கெடத் தொடங்குவதாலும், காயம்பட்டது இன்னும் விரைந்து கெடுவதாலும், விலைக்காகக் காத்திருக்கும் வலிமை உழவருக்கு இல்லாமற் போகிறது.

இந்த அவசரமே இடைத்தரகரின் முதலீடாகிறது. கிழங்கின் விலை, அதிலுள்ள மாவுச்சத்தைக் குறிக்கும் ‘பாயிண்ட்’ அளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மண்ணின் ஈரமும், மாவுச்சத்து சேர உதவும் சாம்பல் சத்தும் இந்த அளவை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்கின்றன. ஆயினும் மாதங்கள் பலவாக அவற்றைப் பேணியவர், அளக்கும் இடத்தில் வெறும் பார்வையாளராக நிற்கிறார். ஏற்றிவந்த வண்டியைத் திருப்பிக் கொண்டுபோக இயலாத ஒருவரிடம் கேட்கப்படும் சம்மதம் சம்மதமே அன்று.

ஜவ்வரிசி உற்பத்தியாளர்கள் வணிகர்களின் பிடியிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள 1981இல் ‘சேகோசர்வ்’ என்னும் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். ஆலைக்கு நன்மை தந்த அந்த வழி நிலத்திற்கும் வரவேண்டும்: உழவர் கூட்டாக விற்கவும், பாயிண்ட் அளவு அவர்கள் முன்னிலையில், அவர்கள் நம்பும் கருவியால் கணிக்கப்படவும் வேண்டும். உழவுமுறையைத் திருத்தினால் விளைச்சல் பெருகும் என்பது உண்மை; பெருகிய விளைச்சலின் பயன் மம்முட்டி பிடித்தவரைச் சேராவிட்டால், அடுத்த ஆண்டு மண்ணை அத்தனை அக்கறையோடு பேண எவருக்கும் காரணம் இராது.