கதையிற் கண்ட கேண்மை

1950 முதல் 1954 வரை வார ஏட்டில் தொடராய் வெளிவந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை இக்கல்லூரி நூலகத்திலேதான் யாம் முதற்கண் பயின்றோம். அதன்கண் எம்மைக் கவர்ந்தது காதலன்று, நட்பே. வந்தியத்தேவனும் ஆழ்வார்க்கடியானும் ஒருவரையொருவர் ஐயுற்றவாறே உதவிக்கொள்வது சுவையானதுதான். எனினும் அஃது ஒற்றர் நட்பு. அருள்மொழியோடு அவன் கொண்ட கேண்மையோ வேறு. அஃது அரும்பியது நம் ஈழமண்ணில் என்பதில் எமக்குச் சற்றே பெருமையும் உண்டு! ஓலை கொணர்ந்தவனை இளவரசன் முதலில் துவந்தப் போரால் வரவேற்கிறான். பின்னர், இடிவீழ்ந்தெரியும் கப்பலிற் சிக்கிய அவனை மீட்கப் புயற்கடலிற் படகேறுகிறான். தூதனுக்காக அரசகுமாரன் உயிரைப் பணயம் வைக்கிறான்!

இறம்பொடைத் தோட்டத்துப் பிள்ளைகட்கு இதனைச் சொல்லுந்தோறும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் தலைமன்னாரிற் கப்பலேறிய, எந்தையாரின் தோழர் எம் நினைவில் எழுவார். ஒரே லயத்திற் பிறந்த இருவர். ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மற்றவருக்கு இலங்கைப் பிரசாவுரிமை. அக்கரையிலிருந்து சிலகாலம் கடிதங்கள் வந்தன; பின்னர் நின்றன. எந்தையார் எழுதுவதை நிறுத்தினாரல்லர்.

சென்ற தவணையில் மாணவனொருவன், “இளவரசர் வராதிருந்தால் வந்தியத்தேவன் கோபிப்பானா, ஐயா?” என வினவினான். கோபியான் என்றோம். அவன் அருகிருந்த தோழனை நோக்கினான். அத்தோழனின் குடும்பம் மறுமாதம் கொழும்புக்குப் பெயரவிருந்தது.