இஃபே முகங்களின் பிறப்பிடம்

நைஜீரியாவின் தென்மேற்கில் இருக்கும் இஃபே, யொரூபா மக்களின் புனித நகரம். 1938இல் அங்கே அரண்மனையை ஒட்டிய வுன்மொனிஜே வளவில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது, உயிருள்ள ஆட்களைப் பார்த்துச் செய்தவை போன்ற உலோகத் தலைகள் கிடைத்தன. சில ஏறக்குறைய கலப்பில்லாத செம்பு. மற்றவை ஈயம் கலந்த பித்தளை. இந்தக் கைத்திறன் எங்கே பிறந்தது என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் உலோகத்தையே சுற்றி வருகிறார்கள். விடை அதே ஊரின் சுடுமண்ணில் இருக்கிறது என்பது என் துணிபு.

தேடலை முதலில் திசை திருப்பியவர் ஜெர்மானிய ஆய்வாளர் லியோ ஃப்ரொபேனியஸ். 1910இல் இஃபே வந்த அவர், சுடுமண் முகங்களையும் ஓர் உலோகத் தலையையும் கண்டு, கடலில் மூழ்கியதாகக் கிரேக்கர் சொன்ன அட்லாண்டிஸின் எச்சம் என்று முடிவு கட்டினார். கறுப்பின மக்களின் கை இதைச் செய்திருக்கும் என்று ஏற்க மனமில்லாததைத் தவிர அந்த முடிவுக்கு வேறு அடிப்படை எனக்குத் தெரியவில்லை. உலோகச் சிற்பங்களுக்குள் தங்கிய களிமண் கருவை வெப்ப ஒளிர்வு முறையில் சோதித்தபோது 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான காலம் தெரிந்தது. பழங்கிரேக்கம் மறைந்து ஆயிரம் ஆண்டுகள் கடந்த காலம் அது.

இனி முகங்களையே பார்ப்போம். உலோகத் தலைகள் பலவற்றில் நெற்றி தொடங்கி மோவாய் வரை மெல்லிய கோடுகள் நெருக்கமாக இறங்குகின்றன. மூக்கின் சரிவிலும் கன்னத்தின் மேட்டிலும் வளைந்து கொடுக்கின்றன. கழுத்தில் சதை மடிப்புகள். இதே கோடுகளும் மடிப்புகளும் சுடுமண் தலைகளிலும் உண்டு. உலோகத்தை வார்க்குமுன் உருவத்தை முதலில் மெழுகில்தான் வடிப்பார்கள்; மெழுகும் ஈரக் களிமண்ணைப் போல மென்மையானதுதானே, இந்த ஒற்றுமை எதை நிரூபிக்கும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், அதனால் கோடுகளை மட்டும் நம்பி நான் வாதிடவில்லை. எனக்குப் பெரிய சான்று, சிற்பி எதையெல்லாம் செய்யத் துணிந்தான் என்பது. உலோகத்தில் பெரும்பாலும் அரசர்களும் அரசவையைச் சேர்ந்தோரும்தான். சுடுமண்ணிலோ நோயில் வீங்கிய உடல், வாய் கட்டப்பட்ட பலியாள், விலங்குகள், கூம்பு வடிவத் தலை என்று ஓர் ஊரே இருக்கிறது. எண்ணிக்கையிலும் சுடுமண் பல மடங்கு. விலையுயர்ந்த செம்பில் கைவைக்குமுன் ஒரு சிற்பி எங்கே பழகியிருப்பான்? தவறினால் பிசைந்து மறுபடி செய்யக்கூடிய பொருளில்தான்.

இரண்டும் ஒரே காலத்தவை என்றால் மண்ணுக்கு முதலிடம் தருவது எப்படி என்பது வலுவான மறுப்பு. கிடைத்த காலக்கணிப்புகளைக் கொண்டு எது முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. நான் சொல்வது பயிற்சியின் வரிசையை. இன்னொரு மறுப்பு, யொரூபா மரபில் பானை வனைவது பெண்களின் தொழில், உலோக வார்ப்பு ஆண்களுடையது என்பது. அன்றும் அப்படியே இருந்திருந்தால் என் வாதம் குலையாது, இன்னும் சுவையாகிறது: அரசனின் செம்பு முகத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் விரல்கள் இருந்திருக்கலாம். கிழக்கே இக்போ-உக்வுவில் இதற்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டளவில், வெண்கல வார்ப்பு சிறந்திருந்ததும் உண்மையே. ஆனால் அங்கே அழகெல்லாம் கலங்களின் மேற்பரப்பில் இழைத்த நுண்வேலையில். ஆளின் சாயலைப் பிடிக்கும் முகங்கள் அல்ல. வார்க்கும் முறை அத்தகைய இடங்களிலிருந்து வந்திருக்கலாம், முகம் வந்திருக்க முடியாது.

செம்பு மட்டும் வெளியிலிருந்து வந்தது. அதை வாங்க இஃபேயிடம் சொந்தச் சரக்கு இருந்தது. அந்த ஊரின் ஒலோக்குன் தோப்பில் கண்ணாடி உருக்கிய மூசைகளும் மணிகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அந்தக் கண்ணாடி உள்ளூரிலேயே செய்யப்பட்டது என்பதை வேதியியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.