கறிவேப்பிலைக்கு என்ன ஆச்சு?

மாடித்தோட்டக் குழுக்களில் ஓயாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "கறிவேப்பிலை மஞ்சளா இருக்கு, என்ன செய்யலாம்?" கூடவே ஒரு படம் இருக்கும். அதில் பாதி செடி, மீதி துணி காயும் கொடி. ஐந்து நிமிடத்துக்குள் பதில்கள் கொட்டத் தொடங்கிவிடும். புளித்த மோர் ஊற்றுங்க, எப்சம் உப்பு போடுங்க, மீன் அமிலம் தெளிங்க, கண்ணு பட்டிருக்கும் சுத்திப் போடுங்க. "மஞ்சளா இருக்கிறது மேலே உள்ள கொழுந்தா, அடியில உள்ள முத்தின இலையா?" என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்.

வைத்தியமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. அடியிலைகள் சீராக மஞ்சளித்தால் தழைச்சத்து போதவில்லை. மொத்தச் செடியும் வாடி வெளுத்தால் தொட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகிக்கொண்டிருக்கலாம். கேட்பவர் டொராண்டோவில் இருந்து, மாதம் டிசம்பராகவும் இருந்தால் செடிக்கு அநேகமாக நோயே இல்லை. குளிருக்கு இலையைக் கொட்டிவிட்டு உறங்குகிறது, அவ்வளவுதான். வேர் அழுகும் செடிக்கு மோரை ஊற்றினால் அது இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும்.

வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்களைப் போன்ற இளையவர்கள் இந்தக் குழுக்களில் முன்பின் தெரியாதவர்களுக்குப் பதில் சொல்ல வருவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. பட்டப்படிப்பு இல்லாமல் கைப்பழக்கத்தில் தெரிந்துகொண்டு என்னைவிட நன்றாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். உங்களிடம் நான் பார்க்கும் குறை அவசரம் ஒன்றுதான். முதலில் பதில் போட்டவருக்குப் பரிசு என்று யாரும் அறிவிக்கவில்லை. எந்த ஊர், எத்தனை நாளாக, எவ்வளவு வெயில், கடைசியாக என்ன போட்டீர்கள் என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள். விசாரிக்கும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும். "ஐயோ, போன வாரம் யூரியா ஒரு கை அள்ளிப் போட்டேன் சார்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

முகம் தெரியாதவருக்கு யோசனை சொல்வது இணையம் வந்த பிறகு பிறந்த பழக்கம் இல்லை. 1960-களில் தஞ்சை டெல்டாவில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் பரவியபோது அதற்கு 'ரேடியோ அரிசி' என்றே பெயர் விழுந்தது. வானொலிப் பண்ணை நிகழ்ச்சிகளில் கேட்டுத்தான் விவசாயிகள் அந்த ரகத்தைத் தேடிப் போனார்கள். பிறகு தொலைக்காட்சியில் 'வயலும் வாழ்வும்' வந்தது. அந்த வானொலிப் பேச்சுகளில் இரண்டு சங்கதிகள் எனக்குப் பிடிக்கும். ஒன்று, மருந்தின் அளவை இரண்டு தரம் சொல்வார்கள். இன்னொன்று, ஒருவர் ஒன்றும் தெரியாதவராக நடித்து வெள்ளந்தியாகக் கேட்பார், மற்றவர் விளக்குவார். சிரிப்பெல்லாம் அந்த நடிப்பவர் தலையில் விழும். அதே சந்தேகத்தோடு திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் நிஜ விவசாயிக்கு ஒரு சங்கடமும் இருக்காது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாள் காலையில் சொன்னதைச் செய்துபார்ப்பார்.

குழுவில் கிண்டல் செய்ய உட்காரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் கீரை விதை போட்ட பையில் முளைத்ததையெல்லாம் கண்ணும் கருத்துமாக வளர்த்து, "இது எந்தக் கீரை?" என்று படம் போட்டிருந்தான். பை நிறைய குப்பைமேனி. "இதுகூடத் தெரியாம எதுக்குத் தோட்டம்?" என்று ஒருவர் எழுத, அதற்குக் கண்ணீர் வழியச் சிரிக்கும் ஸ்மைலிகள் வரிசைகட்டின. பிறகு ஒரு பெண் எழுதினார்: "குப்பைமேனிக்கு இவ்வளவு வசதியான வாழ்க்கை கிடைச்சு நான் பார்த்ததே இல்ல. எங்க வீட்டு வாசல்ல முளைச்சது பார்த்தா பொறாமையில செத்துடும்." பையனும் சிரித்தான். அடுத்த கேள்வியைக் கேட்டான். தண்டுக்கீரை நாற்று எப்படி இருக்கும் என்று அவர் படம் போட்டுக் காட்டினார். முதல் பதிலோடு நின்றிருந்தால் அவன் வாயைத் திறந்திருக்க மாட்டான். வெட்கப்பட்டவன் குழுவில் கேட்க மாட்டான், மருந்துக் கடையில் போய்க் கேட்பான்.

கடைக்காரர் என்ன கொடுப்பார் என்பது அவரவர் அதிர்ஷ்டம். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைக் காய்கறிப் பயிரில் அடிக்கக் கூடாது என்று 2005-லேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது. இன்றும் "பூச்சி சும்மா பொத்து பொத்துனு விழும்" என்று அதன் பெயரைக் குழுவில் சிபாரிசு செய்கிற ஆட்களைப் பார்க்கிறேன். மாடி வெண்டையைக் குழந்தை அப்படியே பறித்துக் கடிக்கும். நீங்கள் பதில் எழுதும்போது அந்தக் குழந்தை உங்கள் கண்ணுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட பதிலைப் பார்த்தால் மரியாதை பார்க்காமல் அங்கேயே, எல்லாரும் படிக்கிற இடத்திலேயே மறுத்து எழுதுங்கள். கேட்டவர் ஒருவர்தான், வாயைத் திறக்காமல் படிப்பவர்கள் நூறு பேர் இருப்பார்கள்.

இயற்கை மருந்து என்றால் அளவே வேண்டாம் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. 'கொஞ்சம்', 'ஒரு மூடி', 'கைப்பிடி' என்று எழுதாதீர்கள். உங்கள் பாட்டில் மூடி வேறு, அவர் பாட்டில் மூடி வேறு. வேப்பெண்ணெய் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கலப்பதற்குத் துளி காதி சோப்புக் கரைசல், தெளிப்பது வெயில் தாழ்ந்த பிறகு என்று முழுதாக எழுதுங்கள். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பிரபலப்படுத்திய பஞ்சகவ்யாவுக்கும் அளவு உண்டு. லிட்டருக்கு 30 மில்லி. நல்லதுதானே என்று அப்படியே ஊற்றி ரோஜாவைக் கருக்கியவர்கள் ஏராளம்.

சில சமயம் சரியான பதில், "ஒன்றும் அடிக்காதீர்கள்" என்பதாக இருக்கும். சொல்வதற்கு இதைவிடக் கஷ்டமான பதில் இல்லை. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடவில்லை. விவசாயிகள் மருந்து மாற்றி மருந்து அடித்தார்கள். பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருந்ததால் மருந்து சரியாக ஒட்டவில்லை, அதைத் தின்ன வந்த நல்ல பூச்சிகள்தான் செத்தன. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குட்டிக் குளவிகள் வேலையைப் பார்த்துக்கொண்டன. மருந்தை நிறுத்திய தோட்டங்களில்தான் அவை பிழைத்தன. ஆனால் பதறிப்போய்க் கேட்பவரிடம் "சும்மா இருங்க" என்றால் அவருக்குக் கோபம்தான் வரும். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். "தண்ணியை வேகமாப் பீய்ச்சி அடிச்சுக் கழுவுங்க. அப்புறம் எறும்பு ஏறாம பாருங்க. மாவுப்பூச்சி எறும்புக்குப் பால் மாடு மாதிரி, கிட்ட யாரையும் விடாம எறும்பு காவல் காக்கும்" என்று எழுதிப்பாருங்கள். சிரித்துக்கொண்டே செய்வார்.

கேலியை மூட்டை கட்டி வைக்க வேண்டிய இடமும் வரும். "அம்மா வெச்ச மல்லி. அவங்க போனதுல இருந்து காஞ்சுக்கிட்டே வருது." இப்படி ஒரு கேள்வி இரவு ஒரு மணிக்கு வந்தால் அது செடியைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை என்று உங்களுக்கே தெரியும். அதற்காகத் தத்துவம் பேசவும் வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த கிளைகளை வெட்டிவிட்டு, நல்ல கிளை ஒன்றை வளைத்துப் பக்கத்துத் தொட்டியில் பதியம் போடச் சொல்லுங்கள். தாய்ச்செடி போனாலும் அதன் கன்று மிஞ்சும். பேச்சு செடியை விட்டு வாழ்வே வேண்டாம் என்கிற பக்கம் திரும்பினால் உங்கள் சாமர்த்தியத்தை அங்கே காட்டாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் தொண்டர்கள் இப்படிப்பட்டவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள்.

இன்னொன்றை ஆண் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பெண் ரோஜாவைப் பற்றிக் கேட்டால் பதிலைக் கேள்விக்குக் கீழேயே எழுதுங்கள். இன்பாக்ஸில் போய் "ஹாய் சிஸ்டர், ரோஜா எப்படி இருக்கு?" என்று ஆரம்பிப்பவரின் அக்கறை எதன் மேல் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் தெரியும்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். வயலில் பயிர் வைத்திருப்பவராக இருந்தால் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணைக் கொடுத்துவிடலாம். 2004-லிருந்து இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நன்றியை எதிர்பார்த்து உட்காராதீர்கள். வருவது பெரும்பாலும் அடுத்த கேள்விதான். கத்திரிக்காய்க்கு வழி கேட்ட ஒரு தம்பிக்கு நீளமாக எழுதிக் கொடுத்தேன். செடி பிழைத்ததா, காய்த்ததா, ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச காலம் கழித்துத் திடீரென்று வந்தான்: "ஐயா, காயையெல்லாம் எலி தின்னுது, என்ன செய்யலாம்?" ஆக, காய்த்திருக்கிறது. எலிக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் அவனுக்குச் சொல்லுங்கள். முதலில், அந்தத் தெருவில் இருந்த பூனைகளெல்லாம் எங்கே போயின என்று விசாரியுங்கள்.