கட்டைவிரலுக்கு மேல் ஒரு கட்டைவிரல்

மேஜிக்குக்காக நான் வாங்கிய முதல் தம்ப் டிப் ரோஸ் நிறம். அசல் வெள்ளைக்காரக் கட்டைவிரல். என் கையோ மாநிறத்துக்கும் இரண்டு படி கீழே. "யாரும் கவனிக்க மாட்டாங்க சார், தைரியமா மாட்டிக்குங்க" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால், கை முழுக்க அந்த ஒரு விரல்தான் தெரிந்தது. டிகாக்ஷனில் ஒரு ராத்திரி ஊறப்போட்டேன். பிளாஸ்டிக்கா காபி குடிக்கும்? மனைவியின் ஃபவுண்டேஷனைத் தடவினேன். நிறம் பொருந்தியது. ஆனால் பட்டுத்துணி ஓரமெல்லாம் ஃபவுண்டேஷன்.

கடைக்காரர் சொன்னது முக்கால்வாசி உண்மை என்று புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

*

புதிதாக வருகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன். தம்ப் டிப் என்பது கட்டைவிரலின் மேல்மூட்டு வரை மூடுகிற ஒரு பொய்த்தொப்பி. நகம், மடிப்பு எல்லாம் அச்சாக வார்த்திருப்பார்கள். உள்ளே நுனியில் கொஞ்சம் காலி இடம் இருக்கும். பிழைப்பே அந்தக் காலி இடத்தில்தான். 9 அங்குலப் பட்டுச் சதுரம் சுகமாக அடங்கும். 12 அங்குலம் வேண்டுமென்றால் துணி நூலாம்படை மாதிரி இருக்க வேண்டும். டிப்பை இடது முஷ்டிக்குள் விட்டுவிட்டு, துணியைக் குத்திக் குத்தி உள்ளே தள்ளி, கடைசி முனையைக் கட்டைவிரலால் அழுத்தும்போது டிப் விரலோடு வெளியே வந்துவிடும். முஷ்டியைத் திறந்தால் காலி.

மறைக்கவே இல்லை, கண்ணெதிரில்தான் இருக்கிறது. ஆனால் விரல் பார்ப்பவரை நோக்கி நேராக நீட்டியிருக்கும்போது நுனி மட்டுமே தெரியும், நீளமும் விளிம்பும் தெரியாது. பக்கவாட்டில் திருப்பினால் போச்சு. அசைந்துகொண்டே இருக்கிற கையில் யாரும் விரல் விரலாகப் பார்ப்பதில்லை. "பாருங்க, ஒண்ணுமே இல்லை" என்று பத்து விரலையும் விரித்து நிறுத்தினால் மட்டும்தான் எண்ண ஆரம்பிக்கிறார்கள்.

*

ஒரு கல்யாண ரிசப்ஷன். சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்தவர்கள் நடுவே செய்துகொண்டிருந்தேன். சிவப்புத் துணி மறைந்தது, கை தட்டினார்கள். முன்வரிசைப் பையன் ஒருவன், ஏழு வயசு இருக்கும், தட்டவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அங்கிள், உங்க கட்டைவிரல் செத்துப் போச்சா?"

அவன் சொன்னது நகத்தை. என் நகங்களில் சுண்ணாம்புக் கறை மாதிரி வெளிர் பிறை உண்டு, டிப்பின் நகத்தில் கிடையாது. "ஆமாண்டா கண்ணு, கார் கதவுல நசுங்கிடுச்சு" என்று சொல்லி வலிக்கிற மாதிரி உதறிக்கொண்டேன். அவன் அப்பா "பாவம்டா மாமா" என்றார். அந்தப் பாவத்தின் நிழலில் கை ஜிப்பாப் பைக்குள் போய் சுத்தமாகத் திரும்பி வந்தது.

பையன் பையையும் பார்த்தான். விவரமானவன்.

*

உடை விஷயம் எந்தப் புத்தகத்திலும் நமக்காக எழுதவில்லை. எல்லாம் கோட்டுக்காரர்களுக்கு. கோட்டில் உள்பை, வெளிப்பை, சட்டைக் கை எல்லாம் உண்டு. வேட்டி கட்டினால் இடுப்புக்குக் கீழே ஒரு பை கிடையாது. மிச்சம் இருப்பது சட்டையின் மார்புப் பை. அது ஒன்றும் மோசமில்லை. பேனா எடுக்கக் கை மேலே போவதை யாரும் சந்தேகப்படுவதில்லை. பேனாவோடு டிப் கீழே இறங்கிவிடும். பை மட்டும் மெல்லிய வெள்ளைத் துணியாக இருக்கக் கூடாது. உள்ளே ஒரு விரல் நிற்பது தெரியும்.

*

அளவு: கொஞ்சம் பெரியது நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். சுலபமாகக் கழற்றலாமாம். சென்னையில் மே மாதம் செய்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். வியர்வையில் பெரியது வழுக்கி விழும், சின்னது கவ்விக்கொண்டு "ப்ளக்" என்று சத்தம் போடும். பவுடர் போட்டால் விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம். கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழி எனக்கு அகப்படவில்லை. கையைத் துடைக்கிற சாக்கில் மாட்டவும் செய்யலாம் என்பது உபரி லாபம்.

பளபளப்பை மெல்லிய உப்புத்தாளால் மங்க வைத்தேன். முன்பு இது அவ்வளவு முக்கியமில்லை. இப்போது மேஜைக்கு மூன்று மொபைல். ஃப்ளாஷ் பட்டால் பிளாஸ்டிக் மினுங்கும். பிறகு நிறுத்தி, பெரிதாக்கி, குடும்பத்தோடு பார்ப்பார்கள். கோணத்தால் கண்ணை ஏமாற்றலாம், நிறுத்திப் பார்க்கிற படத்தை முடியாது. அதனால்தான் கடைக்காரர் சொன்னது முக்கால்வாசி.

*

நெயில் ரைட்டர். கட்டைவிரல் நகத்தில் ஒட்டிக்கொள்கிற அல்லது செருகிக்கொள்கிற பென்சில் முனை. பார்வையாளர் ஓர் எண்ணைச் சொன்ன பிறகு, ஏற்கெனவே எழுதிவைத்ததாகக் காட்டிய அட்டையில் அந்த நொடி எழுதுவது. வெளிநாட்டு மேஜிக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சுவாமி கிம்மிக்'. டோனி கோரிண்டா 1950களின் கடைசியில் சிறு சிறு புத்தகங்களாக வெளியிட்ட பதின்மூன்று பாடங்களில் முதல் பாடமே இதுதான். நம் ஊர்ச் சாமியார் வேஷம் அவர்கள் மேடையில் ஒரு காலத்தில் நன்றாக ஓடியதற்கு இந்தப் பெயர் ஒரு மிச்சம்.

தமிழில் எழுத முயன்று பார்த்திருக்கிறேன். ட, ப வரும், கோடுதானே. ழ, ணை எல்லாம் போட கட்டைவிரலுக்கு இன்னொரு ஜென்மம் வேண்டும். எண்களிலும் 1, 4, 7 தங்கம். 8 என்று யாராவது சொன்னால் வயிற்றைக் கலக்கும். அதனால் இரண்டு இலக்க எண்ணில் முதல் இலக்கத்தை எப்படியாவது முன்னாலேயே முடிவு செய்துகொள்வேன். ரேஷன் கடையில் ஐம்பது கிராம் குறைத்துப் போடுவது மாதிரி, உள்ளே செய்கிற வேலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

நகத்தால் எழுதிய எழுத்து கோணலாகத்தான் வரும். ஆகவே நிஜப் பென்சிலால் எழுதுகிற மீதி வரியையும் அதே கோணலில் எழுதப் பழக வேண்டும். நான் மூன்று மாதம் மளிகைச் சீட்டை அப்படித்தான் எழுதினேன். மளிகைக்காரர் துவரம்பருப்புக்குப் பதில் உளுத்தம்பருப்பு கொடுத்தார்.

எழுதும்போது அட்டையைப் பார்க்காதே. சொன்னவரின் கண்ணைப் பார். பேசிக்கொண்டிரு, கீறல் சத்தம் கேட்கும்.

*

பழகுவது பற்றி: பிரெஞ்சு மேஜிக்காரர் ராபர்ட் ஊதின் (1805–1871) தெருவில் நடக்கும்போது கோட்டுப் பைக்குள் கைவிட்டு, நாணயத்தையும் சீட்டையும் விரலில் பழக்கிக்கொண்டே போவாராம். நான் ஞாயிற்றுக்கிழமை காலை டிப்பை மாட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறேன், காபி குடிக்கிறேன், சட்டைக்குப் பொத்தான் போடுகிறேன். முதல் வாரம் கட்டைவிரல் அடிபட்டவன் விரல் மாதிரி விறைத்து நின்றது. அந்தப் பையன் பார்த்தது நகத்தை மட்டுமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

*

காந்த மோதிரம். நியோடிமியம் காந்தம் 1980களில் வந்த பிறகுதான் மோதிர அளவில் இவ்வளவு பலம் சாத்தியமாயிற்று. எஃகில் அடிக்கும் ஒரு ரூபாய் நாணயம் ஓடிவந்து ஒட்டும். பொன்னிறத்து ஐந்து ரூபாய் அசையாது, அது பித்தளை வகை. நாணயத்தைப் பார்வையாளரிடம் கடன் வாங்குவதற்கு முன் இதை மனசில் வைக்க வேண்டும். ஒருமுறை வைக்கவில்லை. ஐந்து ரூபாயோடு நான்கு நிமிஷம் மல்லுக்கட்டினேன்.

தடித்த விநோத மோதிரம் சந்தேகத்தைக் கிளப்பும் என்று வெளிநாட்டுக்காரர்கள் கவலைப்படுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. போன மாதம் ஒருவர் அதை ஆசையாகப் பார்த்து, "எந்த ஜோசியர் சொன்னாரு? பலன் தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றேன்.

*

பிரேமானந்த் (1930–2009). கோழிக்கோட்டில் பிறந்தவர், கோவை போத்தனூரில் வாழ்ந்து மறைந்தவர். சாமியார்களின் அற்புதங்களை ஊர் ஊராகச் செய்துகாட்டி விளக்கிய பகுத்தறிவாளர். வெறுங்கையில் விபூதி வரவழைப்பதை அவர் உடைத்துக் காட்டியது எளிமையானது. விபூதியைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து உருட்டிக் காயவைத்த வில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுக்கவட்டில் செருகிக்கொண்டு, கையைச் சுழற்றி நசுக்க வேண்டியதுதான்.

கைக்குள் ஒளிக்கிற பொருள்களில் இதற்கு நிகராக ஒன்றை நான் பார்த்ததில்லை. மற்ற எதுவானாலும் வேலை முடிந்ததும் எங்கே போடுவது என்ற கவலை நிற்கும். பை, மடி, கர்ச்சீப் என்று தேட வேண்டும். இது பார்வையாளர் நெற்றிக்கே போய்விடுகிறது. சாட்சியத்தை அவரே பூசிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

நான் இதைச் செய்வதில்லை. ஒருமுறை செய்தபோது ஓர் அம்மா கும்பிட்டார். மேஜிக் என்று சொன்ன பிறகும் கும்பிட்ட கையை எடுக்கவில்லை.

*

செப்பிடு வித்தைக்காரர்களை இந்தக் குறிப்பில் சேர்க்கலாமா? அவர்கள் கையில் கிம்மிக் என்கிற ரகசியக் கருவியே கிடையாது. குமிழ் வைத்த சின்னச் செப்பு, துணி உருண்டை, தரையில் சம்மணம், சுற்றிலும் ஜனம். அந்தக் குமிழை இரண்டு விரல் நடுவே பிடிக்கும்போது உருண்டை இருக்கிற கைக்கு வேறு வேலை இருப்பதாகத் தெரியும். தம்ப் டிப்போடு நான் படும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

*

வரும் ஞாயிறு, அறுபதாம் கல்யாணம். பழுப்பு டிப், விளிம்பைச் சரிவாக வெட்டியது. சிவப்புத் துணியை இஸ்திரி போட வேண்டும். நெயில் ரைட்டர் வேண்டாம், அங்கே இருக்கும் பெரியவர்களால் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. விருந்தாளிகளில் இருவருக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதாம். காந்தம் 15 சென்டிமீட்டருக்குள் போகக் கூடாது, ஆனால் மேஜையோரம் அத்தனை பேர் சாய்ந்து பார்க்கும்போது யார் அளக்கிறது? மோதிரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். கிளிப்பு, ஊக்கு, வீட்டுச் சாவி எல்லாம் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.