பேசோர் ஆற்றண்டையில் தங்கினவர்கள்



பிழைப்பைத் தேடிப் புனேக்கு வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு இராணுவத்தோடு ஏதாவதொரு தொடர்பு உண்டு. தென் மண்டல இராணுவத் தலைமையகம் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் தேஹு ரோடு கிடங்குக்கும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் சபைகளில் வாலிபர்களாய் இருக்கிறார்கள். இராணுவத்தில் பணிசெய்து ஓய்வுபெற்று, ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட சகோதரர்களும் உண்டு. ஆராதனையில் எழுந்து நிற்கும் விதத்திலேயே அவர்களை அடையாளம் கண்டுகொள்ளலாம். ஆனால் பணிக்காலம் முடியும் முன்னே, வியாதியின் நிமித்தம் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் வேறு விதம். அவர்கள் பெரும்பாலும் கடைசி வரிசையில் உட்காருகிறார்கள்.

காயமடைந்த படைவீரரைப் புனே அறியாததல்ல. முதல் உலகப்போரில் ஊனமுற்றவர்களுக்குத் தொழில் கற்பிக்க 1917-இல் தொடங்கப்பட்ட குவீன் மேரிஸ் தொழிற்கல்வி நிலையம் இங்கே இருக்கிறது. செயற்கை அவயவ மையம் 1944-இல் ஏற்பட்டது. முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன வீரர்களுக்காக 1974-இல் கட்கியில் மறுவாழ்வு இல்லம் அமைக்கப்பட்டது. 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக் போட்டியில் நீச்சலில் தங்கப்பதக்கம் வாங்கினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இவர்களை நாம் மதிக்கிறோம். அவர்கள் காயம் கண்ணுக்குத் தெரிகிறது. இருதயநோய், வலிப்பு, மனநோய் ஆகியவற்றோடு வந்தவனை யார் மதிக்கிறார்கள்?

எங்கள் சபைக்கு வரும் ஒரு சகோதரர் எட்டு ஆண்டுகள் இராணுவத்தில் இருந்தார். அதில் பெரும்பகுதி எல்லைப்புறத்தில் கழிந்தது. மனநோய் உண்டாகி, 2003-இல் மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டார். அதற்குப்பின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். ஒரு இடத்திலும் ஆறு மாதம் நிலைத்ததில்லை. அவருடைய மனைவி வீட்டில் சமைத்து, கம்பெனி ஆட்களுக்கு டிபன் கொடுத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தார்கள். ஒருநாள் அந்தச் சகோதரி, "பாஸ்டர் ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு பழைய பைலைக் கொண்டுவந்தார்கள். கணவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியின் அடியில் இத்தனை ஆண்டுகளாய்க் கிடந்ததாம்.

அதில் மெடிக்கல் போர்டு என்று சொல்லப்படும் மருத்துவக் குழுவின் அறிக்கை இருந்தது. இயலாமை 30 சதவீதம் என்று கண்டிருந்தது. அடுத்த கட்டத்தில், இந்த நோய் இராணுவப் பணியினால் உண்டானதும் அல்ல, பணியினால் அதிகமானதும் அல்ல என்று ஒரே ஒரு வரி. காரணம் எதுவும் எழுதப்படவில்லை. அந்த வரியின் பேரில் டிஸபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டிருந்தது.

அந்த வரிக்கு ஏன் இவ்வளவு வலிமை? 1961-ஆம் ஆண்டின் தரைப்படை ஓய்வூதிய விதிகளின்படி, இயலாமை 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். அது பணியினால் உண்டாகியோ அதிகமாகியோ இருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஓய்வூதியம். அப்படிக் கிடைக்கும்போது அதில் பணிக்கான பங்கும் இயலாமைக்கான பங்கும் சேர்ந்திருக்கும். முழு இயலாமைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது 2006 முதல் வந்த கணக்கு. 1996 ஜனவரி 1-க்குப்பின் மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டவருக்கு, 50-க்குக் குறைந்த இயலாமையை 50 என்றே எடுத்துக்கொள்ளுகிறார்கள். ஆக நம் சகோதரருடைய 30 என்பது 50 ஆகும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் வாங்கிய ஒருவருக்கு, 50 சதவீத இயலாமையின் பங்கு மட்டும் மாதம் 6,000 ரூபாய். டிபன் விற்கிற வீட்டில் அது சிறிய தொகை அல்ல.

இனி நான் சொல்லப்போவதை இராணுவக் குடும்பங்கள் தயவாய்க் கவனிக்கவேண்டும். தர்மவீர் சிங் என்ற சிக்னல் படைப்பிரிவு வீரர் 1985-இல் சேர்ந்து, ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் வலிப்பு நோயினால் அனுப்பப்பட்டார். அவருக்கும் இதே வரிதான் எழுதப்பட்டது. 2013 ஜூலை 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சேரும்போது ஒருவனுக்கு நோய் இருந்ததாகக் குறிப்பு எழுதப்படவில்லையென்றால், அவன் நல்ல சுகத்தோடு சேர்ந்தான் என்றே கொள்ளவேண்டும். பின்பு வந்த நோய் பணியினால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பாரம் அரசாங்கத்தின் மேல்தான் இருக்கிறது. சந்தேகத்தின் பலன் வீரனுக்கே சேரவேண்டும். மருத்துவக் குழு காரணம் எழுதவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2023 செப்டம்பர் 21-க்குப்பின் பணியிலிருந்து வந்தவர்களுக்குப் புதிய விதிகள் வந்திருக்கின்றன. அவர்கள் அவற்றைத் தனியாய் விசாரித்து அறியவேண்டும்.

பைலைப் படித்தபின் சகோதரரிடம் பேசினேன். "ஐயா, கை கால் நன்றாயிருக்கிறவன் போய் ஊனப் பென்ஷன் கேட்டால் பிச்சை கேட்பதுபோல் இல்லையா?" என்றார். தாவீது அமலேக்கியரைத் தொடர்ந்துபோன சரித்திரத்தை 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரத்திலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். அறுநூறு பேரில் இருநூறு பேர் களைத்துப்போய், பேசோர் ஆற்றைக் கடக்கமாட்டாமல் நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் ஜெயங்கொண்டு திரும்பினபோது, நின்றவர்களுக்குக் கொள்ளையில் ஒன்றும் கொடுக்கக்கூடாது, மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகட்டும் என்று சிலர் வாதாடினார்கள். தாவீது சம்மதிக்கவில்லை. யுத்தத்துக்குப் போனவனுக்கும் மூட்டைகளைக் காத்து நின்றவனுக்கும் சரிபங்கு என்றான்; அதை இஸ்ரவேலுக்குச் சட்டமாகவும் ஏற்படுத்தினான். யாருடைய களைப்பு வழியில் வந்தது, யாருடையது வீட்டிலேயே இருந்தது என்று அவன் விசாரணை வைக்கவில்லை. நம்முடைய மருத்துவக் குழுக்கள் வைக்கின்றன.

விசுவாசிகள் சிலர் கேட்கிற வேறொரு கேள்வியும் உண்டு. சுகத்துக்காக ஜெபிக்கிறவன், "நான் இயலாதவன்" என்று படிவத்தில் கையெழுத்துப் போடலாமா? என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன். சுகம் கிடைத்திருந்தால் மருத்துவரிடத்தில் சுகம் என்று சொல்லுங்கள். இரவில் நித்திரையில்லாமல் மாத்திரை விழுங்குகிறவராயிருந்தால் அதையும் அப்படியே சொல்லுங்கள். அரசாங்கக் காகிதத்தில் உண்மையை எழுதுவது அவிசுவாசமல்ல. மனநோயைப் பிசாசின் கட்டு என்று சொல்லிச் சொல்லியே அந்தச் சகோதரரை மாத்திரையை நிறுத்தவைத்தவர்களும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். அதைப்பற்றி இன்னொரு மாதம் எழுதுகிறேன்.

அந்தச் சகோதரியோடு நானும் சில அலுவலகங்களுக்குப் போனேன். ஒரு மேசையில் அடுத்த வாரம் என்றார்கள், அடுத்த வாரத்தில் அடுத்த மேசை என்றார்கள். இத்தனை ஆண்டுகள் கழிந்ததே, இனி கேட்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் விசாரித்தோம். ஓய்வூதியம் மாதந்தோறும் வருவதாகையால் தாமதத்தினாலேயே உரிமை செத்துப்போகாது. ஆனால் 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பாக்கித் தொகையை மூன்று ஆண்டுகளோடு நிறுத்தியது என்று அவர் சொன்னார். 2003 முதல் பெட்டியில் கிடந்த பைலை நினைத்துச் சகோதரி வெகுநேரம் பேசவில்லை. 2020-இல் வந்த ஒரு அரசாணை, பத்து ஆண்டு நிறைவதற்குள் நோயினால் அனுப்பப்பட்டவர்களுக்கும் ஒருவித ஓய்வூதியத்தைத் திறந்தது. அதுவோ 2019 ஜனவரி 4-இலாவது அதற்குப்பின்னாவது பணியில் இருந்தவர்களுக்கு மட்டும்.

நமக்கு அருகில், கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியையும் சொல்லவேண்டும். இப்படிப்பட்ட பயிற்சி நிலையங்களில் காயமடைந்து வெளியே அனுப்பப்பட்ட வாலிபர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற பெயர்கூடக் கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அதன்பின்பே முன்னாள் படைவீரருக்கான மருத்துவத் திட்டம் அவர்களுக்கும் திறக்கப்பட்டது.

ஓய்வூதியமே இல்லாமல் 65 வயதைத் தாண்டி வறுமையில் இருக்கும் முன்னாள் படைவீரருக்கும் விதவைக்கும் வறுமை உதவித்தொகை உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் 8,000 ரூபாயாக்கப்பட்டது. மகாராஷ்டிராவில் ஜில்லா சைனிக் அலுவலகத்திலும், தமிழ்நாட்டில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம். ஊரிலிருக்கும் பெரியப்பா, சித்தப்பாமாருக்கும் சொல்லி அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், மருத்துவக் குழுவின் அறிக்கை, மறுப்புக் கடிதம் ஆகிய மூன்றையும் எறிந்துவிடாதிருங்கள். மறுப்புக் கடிதம் புதிதாய் வந்திருந்தால் ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். பணத்தை வாங்கித் தருகிறேன் என்று பங்கு கேட்டு வருகிறவர்களை வீட்டுக்குள் விடாதிருங்கள். மேவிபோசேத்தின் நிலத்தைப் பார்த்துக்கொண்ட சீபாவின் வேலை நமக்குத் தெரியும்.

மனு இப்போது ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வில் இருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. மனுவைத் தயாரித்த அன்று வழக்கறிஞரின் குமாஸ்தா படைவீரர் எண்ணைக் கேட்டார். சகோதரி பைலைத் திறந்து தேடத் தொடங்கினார்கள். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நம் சகோதரர் எழுந்து நிமிர்ந்து நின்று, எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.