மணவாள நகரில் ஒரு மரத் தரை

சென்னைக்காரர் யாரிடமாவது "எங்க வீடு கூவம் பக்கத்துல" என்று சொல்லிப் பாருங்கள். உடனே கை கர்சீப்பைத் தேடும். பாவம், அவருக்குத் தெரிந்தது கடைசி அத்தியாயம் மட்டும். திருவள்ளூரில், எங்கள் மணவாள நகர் பக்கம் கூவம் ஒரு சாதாரண ஆறு. கோடையில் மணல், முள்செடி. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் இந்தக் கதைக்கு வில்லன்.

போன கோடையில் அம்மா வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. குற்றவாளி, பி.எஃப். லோன் போட்டு நானே பார்த்துப் பார்த்துப் பதித்த பளபளா டைல்ஸ். "முகம் தெரியணும்" என்று கடையில் அடம் பிடித்தது நான்தான். முகம் தெரிந்தது. ஈரம் தெரியவில்லை.

மச்சான் ஆறுதல் சொல்ல வந்தான். கூடவே யோசனையும் கொண்டு வந்தான்.

"அத்தை ரூமுக்கு மரத் தரை போட்டுடுங்க மாமா. வழுக்காது, சில்லுன்னும் இருக்காது. சினிமால பாக்கறதில்ல?"

சனிக்கிழமை மின்சார ரயில் பிடித்து சென்ட்ரல் போனேன். கடையில் ஏ.சி. குளிருக்கு நடுவே டை கட்டிய இளைஞர் பலகை பலகையாக எடுத்து வைத்தார். எல்லாமே 'வுட்'. அரை மணி நேரம் குடைந்த பிறகுதான் மூன்று ஜாதி என்று புரிந்தது. முழு மரம் ஒன்று. பிளைவுட் மேல் நிஜ மரத்தை மெல்லிசாகச் சீவி ஒட்டிய 'எஞ்சினியர்டு' ஒன்று. மூன்றாவது லாமினேட், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மேல் மரத்தின் போட்டோ! அதற்கு மேல் கீறல் விழாமல் ஒரு கண்ணாடிப் பூச்சு. ஸ்வீடன்காரர்கள் கண்டுபிடித்ததாம். நம் ஊரில் ஆளுயர போட்டோவைச் சுவரில் மாட்டுவோம். அவர்கள் தரையில் போட்டு மிதிக்கிறார்கள்.

"தேக்கு இல்லையா?" என்றேன்.

"டீக்கா சார்? காஸ்ட்லி" என்றார், ஏதோ வெளிநாட்டுச் சரக்கு போல. மலையாளக் கரையில் 'தேக்கு' என்று காதில் வாங்கிய போர்ச்சுகீசியர் வழியாகப் போய்த்தான் அது ஆங்கிலத்தில் டீக் ஆனது. இதைச் சொல்லி விலை குறையப் போவதில்லை என்பதால் சும்மா இருந்துவிட்டேன்.

லாமினேட் சாம்பிள் துண்டோடு திரும்பும் ரயிலில் ஏறினேன். ஆவடியில் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு ஆசாரி, பையில் இழைப்புளி. துண்டை வாங்கி விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"எங்க போடப் போறீங்க? கீழயா, மாடியா?"

"கீழ. அம்மா ரூம்."

"வீடு?"

"மணவாள நகர்."

"மழைக்குத் தரை வேர்க்குமே சார்!"

பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு தாண்டியும் பாடம் நடந்தது. மரம் அறுத்த பிறகும் தண்ணீர் குடிக்கும். குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால்தான் பலகையைப் பிரித்து ரெண்டு மூன்று நாள் அதே அறையில் போட்டுப் பழக விட வேண்டும். சுவரோரம் சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மூட வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் மழைக்காலத்தில் நடுவில் கூடாரம் எழும்பும்.

"செட்டிநாட்டுல வேலை பாத்திருக்கேன் சார். தூண் பூரா பர்மா தேக்கு, கட்டிப் புடிச்சா கை எட்டாது. அவங்களுக்கா மரத்துக்குப் பஞ்சம்? ஆனா தரைல? ஆத்தங்குடிக் கல்லு!"

சுரீர் என்றது. பழைய மெட்ராஸ் வீடுகளிலும் தேக்கு உத்தரம் தலைக்கு மேலேதான். மரத் தரை என்றால் ஊட்டி பங்களா. அங்கே குளிர் இருக்கிறது, இங்கே கரையான் இருக்கிறது.

இறங்கும்போது ஒரு பரீட்சை சொன்னார். ஒன்றரை அடி சதுர பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடு. காலையில் உள்பக்கம் பார். ஆனால் வெறும் தரையில் பார், டைல்ஸ் மேல் பார்க்காதே.

மறுவாரம் அம்மா அறையில் டைல்ஸை உடைத்தோம். நல்ல மழை பெய்த ஒரு நாள் ஷீட்டை ஒட்டினேன். காலையில் பிரித்தால் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர், தோசைக்கல்லில் தெளித்த மாதிரி. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குப் போயா தரையை உடைச்சே? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. மழை நாள்ல பாயைச் சுருட்டினா அடியில ஈரமாத்தானே இருக்கும்!"

கடைசியில் அம்மா அறைக்குச் சொரசொரப்பான மேட் டைல்ஸ். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சுவரில் கைப்பிடி. இதற்கான செலவு, கடையில் எழுதித் தந்த எஸ்டிமேட்டில் பாதிகூட ஆகவில்லை. மீதிப் பணம் என்னை உறுத்தியதோ, ஆசை விடவில்லையோ, மாடி அறைக்கு லாமினேட் போட்டேன். ரெண்டு பையன்கள் வந்தார்கள். அடியில் நுரை ஷீட், மேலே பலகை. ஆணி இல்லை, பசை இல்லை. ஒன்றோடொன்று 'க்ளிக்'. சாயங்காலத்துக்குள் முடிந்தது.

நுரை ஷீட் மட்டும் நல்ல தடிப்பாக வாங்கியிருக்கலாம். அதில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டேன். ராத்திரி ஆபீஸ் ஃபைலைத் தேடி நாலடி நடந்தால் கீழேயிருந்து அம்மா குரல் வருகிறது.

"யார்ரா அது, மேல குதிரை ஓட்டறது?"